மேல்தோட்டத்து மினுக்கு

ஆகஸ்ட் 9, 2044, செவ்வாய்.

இன்றைய பிழை: தெளிப்பு டேங்கில் சொட்டு நீலத்தை இரண்டு முறை ஊற்றிவிட்டேன். முதல் முறை ஊற்றியது நினைவில் இல்லை. ஊற்றும்போது மேல்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலையெல்லாம் நீலமாகிவிட்டது. வைரஸுக்குக் கெடுதல் இருக்காது என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை. நாளை வகுப்பில் கேட்க வேண்டும்.

யாழிசை தினமும் இப்படித்தான் எழுதுவாள். மாலை வகுப்பு எடுக்கும் ஹமீதா டீச்சர் முதல் நாளே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். தோட்டக் குறிப்பின் முதல் வரியில் அன்று செய்த பிழை. கடைசி வரியில் மறுநாள் வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், எழுதாமலும் விடலாம். வகுப்பில் பாதிப் பேர் ‘பிழை எதுவும் இல்லை’ என்று போட்டுவிட்டுப் படுக்கப் போனார்கள். யாழிசைக்கு முதல் வரி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. எந்தப் பிழையை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் அவளுக்குப் பாடு.

அன்று ஒன்றை விட்டுவிட்டாள். மேல்தோட்டத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்ததை. அது பிழையா, வெறும் உணர்ச்சியா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

பட்டியமலையில் அந்த வருடம் வயிறு எரிவதற்கு நல்ல வசதி இருந்தது. யார் தோட்டம் எப்படி என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இருட்டத் தொடங்கும் நேரத்தில் டீக்கடை முக்கில் வந்து நின்றால் போதும். எதிர்ச் சரிவில் பேரி மரங்கள் ஒவ்வொன்றாக மினுக்க ஆரம்பிக்கும். இலை நுனிகளிலும் கொப்பு நுனிகளிலும் சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் செத்துத் தொங்கும் ஒரு புழு. எந்தத் தோட்டம் அதிகமாக மினுக்குகிறதோ, அந்தத் தோட்டக்காரர் அன்று முக்கில் கொஞ்சம் சத்தமாகவே டீ சொல்வார். மருந்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. மலையில் எல்லோருக்கும் அது மினுக்கு மருந்துதான்.

மேல்தோட்டம் யாழிசையின் அண்ணனுடையது. அண்ணன் பிக்கப் வண்டி ஓட்டப் போய்விடுவதால் உண்மையில் அது மதினியுடையது. கல்யாணமானபோது அப்பா வீரணன் தோட்டத்தை நடுவில் கல் ஊன்றிப் பிரித்து மேல்பாதியை மகனுக்குக் கொடுத்தார். கீழ்ப்பாதியை அவரும் யாழிசையும் பார்த்துக்கொண்டார்கள். மதினி ஹர்ஷினி ஒட்டன்சத்திரத்துக்காரி. காய்கறி மண்டியில் வளர்ந்தவள். பேரிக்காயைப் பெட்டியில் பார்த்திருக்கிறாளே தவிர மரத்தில் பார்த்ததில்லை. வந்து இரண்டே வருடத்தில் மேல்தோட்டம் மலையிலேயே அதிகமாக மினுக்கியது. ஊரில் அவளுக்குப் பெயரே ‘மினுக்கு ஹர்ஷினி’ என்றாகிவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். மாலை வகுப்பு யாழிசை தானே தேடிக் கண்டுபிடித்தது. வீட்டில் சண்டை போட்டுச் சேர்ந்தது. இரண்டாவது வாரம் மதினி செருப்பை மாட்டிக்கொண்டு, “நானும் வரேன் யாழு, இங்க உக்காந்து என்ன பண்ணப் போறேன்” என்று கூடவே கிளம்பிவிட்டாள். மூன்றாவது வாரம் வகுப்பில் எல்லோருக்கும் மதினியைத் தெரிந்திருந்தது. யாழிசையை ‘ஹர்ஷினியோட நாத்தனார்’ என்று தெரிந்திருந்தது.

புதன்கிழமை வகுப்பில் முதலில் கையைத் தூக்கியது துரைப்பாண்டி. ரிசார்ட் வைத்திருப்பவர். மினுக்கு பார்க்க வரும் ஆட்களுக்காகத் தோட்டத்துக்குள் நாற்காலி போட்டிருந்தார்.

“டீச்சர், கீழ இருந்து வர்றவங்க கேக்குறாங்க. இந்த மினுக்கு மனுசனுக்கு ஒட்டுமா?”

“மனுசனுக்கு ஒட்டாது, தேனீக்கு ஒட்டாது, உங்க நாய்க்கும் ஒட்டாது” என்றார் ஹமீதா டீச்சர். “காயைத் துளைக்கிற இந்த அந்துப்பூச்சி இருக்குல்ல, அதோட புழுவுக்கு மட்டும்தான். இலையில நாம தெளிச்ச வைரஸ் இலையோட சேந்து வயித்துக்குள்ள போயிப் பெருகும். அஞ்சாறு நாள்ல புழுவுக்குள்ள புழு இருக்காது, வைரஸ்தான் இருக்கும். சாகப் போற நேரத்துல அதுக்கு ஒரு கிறுக்குப் புடிக்கும். மேல மேல ஏறும். உச்சிக் கொப்புக்குப் போயித் தலைகீழாத் தொங்கிச் சாகும். உருகிக் கீழ் இலையில சொட்டும். அதை அடுத்த புழு தின்னும்.”

“அது சரி. எதுக்கு மினுக்கணும்?”

“உங்களுக்காகத்தான். விஷ மருந்து அடிச்சா மத்தியானமே புழு கொட்டும். இதுக்கு ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் பொறுமை இல்லாம எல்லாரும் மறுபடி விஷ மருந்துக் கடைக்கு ஓடுனீங்க. நமக்குக் கண்ணால பாத்தாத்தானே நம்பிக்கை? அதான் மின்மினிப் பூச்சியோட சரக்குல கொஞ்சத்தை எடுத்து வைரஸுக்குள்ள வச்சாங்க. செத்த புழு நாலஞ்சு ராத்திரி வெளிச்சம் காட்டும். மருந்து வேலை செய்யுதுங்கிறதுக்கு அடையாளம். அவ்வளவுதான்.”

“உதுந்த காயைப் பொறுக்காம விட்டா இன்னும் புழு வரும். இன்னும் மினுக்கும்ல?”

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. “பொறுக்காம விட்டா உங்களுக்குப் பேரிக்காய் வராது. வேடிக்கை பாக்குற ஆளுதான் வரும்.”

“ஆளு வந்தாப் போதும் டீச்சர். பேரிக்காய்ல என்ன இருக்கு?”

டீச்சர் பாடத்துக்குப் போனார். சின்னப் புழு சீக்கிரம் சாகும், வளர்ந்த புழு வைரஸைத் தின்றாலும் பாதிக்குப் பாதி தப்பித்துவிடும், அதனால் புழு சின்னதாக இருக்கும்போதே தெளித்துவிட வேண்டும் என்றார். யாழிசை அதை எழுதி அடிக்கோடும் போட்டாள். பிறகு எழுந்து நின்று தன் பிழையைக் கேட்டாள்.

“டீச்சர், டேங்குல நீலம் ரெண்டு மடங்கு ஊத்திட்டேன். வைரஸுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஆகாது. வெயில் பட்டா வைரஸ் செத்துரும்னுதான் சாயங்காலமாத் தெளிக்கிறோம், நீலமும் கலக்குறோம். கூடப் போனா வெயில் இன்னும் கொஞ்சம் மறையும். துட்டுக்குத்தான் கேடு.”

“எங்கம்மா எங்கப்பா வேட்டிக்கே அம்புட்டு நீலம் போடாது யாழு!” என்றாள் மதினி பின்னாலிருந்து.

இந்த முறை டீச்சரும் சிரித்தார். யாழிசையும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் என்பதால்.

வகுப்பு முடிகிற நேரத்தில்தான் டீச்சர் அதைச் சொன்னார். புழுக்கூடத்துக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க அனுமதி வந்துவிட்டது.

புழுக்கூடம் என்பது வகுப்புக்குப் பின்னாலிருந்த நீளமான கட்டடம். அதில் தட்டுத் தட்டாகப் புழு வளர்ப்பார்கள். பயறு மாவுக் கட்டியைத் தின்று வளர்ந்த புழுக்களுக்கு வைரஸ் கொடுத்து, செத்ததும் அரைத்து வடிகட்டினால் அதுதான் மலை முழுவதற்கும் மருந்து. இத்தனை நாளும் மாணவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழிசைக்குத் தன் முறை வரும் நாள் வாரத்திலேயே நல்ல நாள். தட்டுகளைக் கொதிநீரில் கழுவுவது, வெப்பத்தைப் பார்ப்பது, ஒரு புழுகூடப் பக்கத்துத் தட்டுக்குப் போகாமல் காப்பது. எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிற அவள் குணத்தைக் கேலி செய்யாத ஒரே இடம் அதுதான். அந்தக் கூடத்தின் சாவி தன் கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். வாழ்க்கையில் இதுவரை வேறெதற்கும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை.

“பரீட்சை கிடையாது. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நானே தோட்டங்களைப் பாக்க வரேன். பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் டீச்சர்.

எல்லோரும் ஒருசேர மதினியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழ்த்தோட்டம் மினுக்கவே இல்லை. ஒரு மரத்துக்கு ஒன்றோ இரண்டோ பொட்டு; சில மரங்களில் அதுவும் இல்லை. யாழிசை எதில் குறை வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மருந்தோடு கலக்கும் வெல்லக் கரைசல் சரியான அளவு. தெளித்த நேரம் சரி. உதிர்ந்த காயைத் தினமும் காலையில் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டாள். மரப்பட்டையின் வெடிப்புகளைச் சுரண்டி, உள்ளே கூடு கட்டியிருந்த புழுக்களை எடுத்தாள். காய்களை வெட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் ஓட்டை இல்லை. நல்ல காயாகப் பார்த்துத் தன் கை போகிறதோ என்று சந்தேகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பறித்து வெட்டினாள். அப்போதும் ஓட்டை இல்லை. கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியுமோ என்னவோ.

முக்கில் அப்பா டீக்கிளாஸைச் சுழற்றிக்கொண்டே எதிர்ச் சரிவைப் பார்ப்பார்.

“மேல பாத்தியா? கார்த்திகை கணக்கா இருக்கு. நேத்து வந்த பிள்ளை. என்ன கை ராசி!”

“உங்க பக்கம் என்ன வீரணா, கரண்டு கட்டா?” என்பார் டீக்கடைக்காரர்.

அப்பா அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் ஏதாவது சொல்வார் என்று யாழிசை ஒவ்வொரு நாளும் காத்திருப்பாள்.

வியாழக்கிழமை காலையில் மதினி தூக்குவாளியில் குழம்பு கொண்டுவந்தாள். அப்பாவுக்கு அவள் வைக்கும் குழம்புதான் பிடிக்கும். கிளம்பாமல் மரத்தடியில் நின்று ஒரு பேரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எப்படி யாழு, ஒரு காய்லகூட ஓட்டை இல்ல?”

குத்திக் காட்டுகிறாள் என்று யாழிசைக்குத் தோன்றியது. “புழுவுக்கு உங்க தோட்டம்தான் புடிச்சிருக்கு மதினி. அங்கதான் திருவிழா.”

மதினியின் முகம் ஒரு கணம் சுண்டிப்போனது. பிறகு வழக்கம்போலச் சிரித்தாள். “சரிதான். ஏய், அந்த அலுமினிய ஏணியைக் கொஞ்சம் குடேன். ரெண்டு நாள்ல தந்துர்றேன்.”

ஏணி சுவரோரம் நன்றாகத்தான் நின்றது. எதற்கு என்று யாழிசை கேட்கவில்லை. உச்சிக் கொப்புவரை தெளிக்கத்தான் கேட்கிறாள். உச்சியும் மினுக்கினால் இன்னும் பிரமாதமாக இருக்கும்.

“கால் ஆடுது மதினி. ஏறுனா விழுந்துருவீங்க. ஆணி அடிக்கணும்.”

“அப்ப வேணாம்” என்று மதினி போய்விட்டாள்.

அன்றைக்குக் கூடத்தில் யாழிசையின் முறை. தட்டுகளுக்குத் தீனி வைத்து முடித்துவிட்டுக் கதவருகே நின்றாள். மேல் அடுக்கில் பொடிப் புழுக்கள். கீழ் அடுக்கில் விரல் தடிமனுக்கு வளர்ந்த புழுக்கள். பொடிப் புழு செத்தால் பொட்டுதான் தெரியும். வளர்ந்தது செத்தால் சுடர் மாதிரித் தெரியும். முக்கிலிருந்து பார்க்கிற தூரம் அதிகம்.

பாடத்தில் அடிக்கோடு போட்ட வரி அவளுக்கு நினைவில் இருந்தது. இருந்தும் ஒரு கணக்குப் போட்டாள். பாதி தப்பித்தாலும் பாதி மினுக்கும். தப்பித்ததை எப்படியாவது பொறுக்கிவிடலாம். மருந்தை ஒன்றுக்கு இரண்டாகத் தெளித்தால் தப்பிப்பதும் குறையும். சந்தேகம் பிடித்தவர்கள் ஒரு தப்பான காரியத்தைச் செய்யத் துணியும்போது அதை மற்றவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். கீழ் அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் துணியால் மூடிக்கொண்டு போனாள். மரத்துக்கு மரம் சமமாகப் பிரித்து இலைகளில் விட்டாள். மறுநாள் மாலை வெயில் சாய்ந்ததும் தெளித்தாள். நீலத்தைச் சரியாக ஒரு தடவைதான் ஊற்றினாள்.

அன்றைய குறிப்பில் முதல் வரி: ‘தெளிப்பு முனையைக் கழுவ மறந்துவிட்டேன்.’

அடுத்த புதன்கிழமை மாலை கீழ்த்தோட்டம் விழித்துக்கொண்டது. முதலில் ஒரு மரம், அப்புறம் வரிசையாக எல்லாம். பெரிய மஞ்சள் சுடர்கள் காற்றில் ஆடின. டீக்கடைக்காரர், “கரண்டு வந்துருச்சு டோய்!” என்று கத்தினார். நாலு பேர் வந்து யாழிசையிடம் எப்படி என்று கேட்டார்கள். அவள் சுருக்கமாக, “சாயங்காலமாத் தெளிக்கணும்” என்றாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அப்பாவைப் பார்த்தாள். அவர் கீழ்த்தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“என்னப்பா, ஒண்ணும் சொல்லல?”

“என்னத்தச் சொல்ல” என்றார் அவர். அவருக்குச் சந்தோஷம் இல்லை என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மேல்தோட்டம் மங்கியிருந்தது. வியாழக்கிழமை இன்னும் மங்கியது. வெள்ளிக்கிழமை அடிக்கொப்புகளில் ஒரு பொட்டுகூட இல்லை. மதினியின் கை ராசி முடிந்தது என்று நினைத்தபோது யாழிசைக்கு வந்த மகிழ்ச்சி அவளையே கொஞ்சம் பயமுறுத்தியது. ஆனால் அது நல்ல மகிழ்ச்சிதான். இரவு அதை அணைத்துக்கொண்டு தூங்கினாள்.

காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த காய்களைப் பொறுக்கும்போது ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். காம்புக்குப் பக்கத்தில் புத்தம் புதிய ஓட்டை. ஈரமான மரத்தூள் மாதிரிப் புழு எச்சம் ஒட்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கைக்கு எட்டிய கொப்பிலேயே இன்னும் மூன்று காய்கள் அப்படி இருந்தன.

சனிக்கிழமை மாலை ஹமீதா டீச்சர் ஸ்கூட்டரில் முக்குக்கு வந்து இறங்கினார். அப்பா, யாழிசை, மதினி, டீக்கடைக் கூட்டம் எல்லோரும் இருந்தார்கள். எதிர்ச் சரிவு இருட்டிக்கொண்டு வந்தது. கீழ்த்தோட்டம் ஜகஜ்ஜோதியாக எரிந்தது. மேல்தோட்டம் இருட்டு.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, “கீழ்த்தோட்டம் யாழிசையோடதுதானே? நான் இடம் மாத்திப் பாக்குறேனா?” என்றார்.

“எங்களுதுதான் டீச்சர்” என்றாள் யாழிசை.

“போன மாசம் இந்த வழியா வந்தப்ப இருட்டா இருந்துச்சே.”

“இப்பத்தான் டீச்சர் மருந்து வேலை செய்யுது.”

டீச்சர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இந்த மலையிலயே இருட்டா இருந்தது ஒரே தோட்டம். அதைப் பாக்கத்தான் நான் வந்ததே.”

யாழிசைக்கு முதலில் புரியவில்லை.

“வெளிச்சம்னா செத்த புழு. செத்த புழு இருக்குன்னா முன்னாடி உயிரோட புழு இருந்துச்சுன்னு அர்த்தம். மூணு வருசம் தெளிச்சு, காய் பொறுக்கி, பட்டை சுரண்டுன தோட்டத்துல மினுக்க என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. வகுப்புல இதைச் சொல்லிருக்கணும். நீங்களா வந்து கேப்பீங்கன்னு இருந்துட்டேன். யாரும் கேக்கல. எல்லாரும் வெளிச்சத்தைப் போட்டி போட்டு வளத்தீங்க.” டீச்சர் டார்ச்சை எடுத்தார். “வாங்க, காயை வெட்டிப் பாப்போம்.”

கீழ்த்தோட்டத்தில் வெட்டிய நான்காவது காயில் புழு இருந்தது. தடித்த, உயிருள்ள புழு. டீச்சர் அதைக் கத்தி முனையில் எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

“இவ்வளவு பெரிய புழுவுக்கு இவ்வளவு புது ஓட்டை. இது இந்த மரத்துல பொறக்கல. பயறு மாவு தின்னு வளந்த நிறம் இன்னும் போகல.” அவர் குரலை உயர்த்தவில்லை. “கூடத்துல ஒரு தட்டுக் குறையுது யாழிசை.”

பொய் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். தெளிப்பு முனை, நீலம் என்று சின்னப் பிழைகள்தான் நினைவுக்கு வந்தன. “நான்தான் எடுத்தேன் டீச்சர்” என்றாள். “நானே விட்டேன். அவுக தோட்டம் மாதிரி மினுக்கணும்னு.”

மதினி, “எங்க தோட்டம் மாதிரியா?” என்றாள். பிறகு எதிர்பாராத விதமாகச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “அடிப் பாவி. வா, மேல வந்து பாரு.”

மேல்தோட்டத்துக்கு ஏறினார்கள். கிட்டே போனபோதுதான் தெரிந்தது. அடிக்கொப்பு, நடுக்கொப்பு எல்லாம் இருட்டு. மரங்களின் உச்சியில் மட்டும், கை எட்டாத உயரத்தில், மெல்லிய மஞ்சள் வரிசை. முக்கிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு. மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி மூடியிருந்தது. மதினி மூடியைத் திறந்தாள். வாளிக்குள் இருந்து அவர்கள் முகங்களின்மேல் வெளிச்சம் அடித்தது. பாதி வாளிக்குச் செத்த புழுக்கள்.

“பத்து நாளாப் பொறுக்குறேன். குச்சியில துணி கட்டி ஒவ்வொண்ணா இழுத்தேன். உச்சிக்கு மட்டும் எட்டல. ஏணி கேட்டேன், கால் ஆடுதுன்னுட்டா.”

“எதுக்கு மதினி பொறுக்குனீங்க?”

“ஒன் தோட்டம் மாதிரி இருட்டா இருக்கணும்னுதான். வேற எதுக்கு?” மதினியின் குரல் உயர்ந்தது. “என் காய்ல பாதியை வேன்காரன் கழிச்சுத் தள்ளுறான். ஒன் காயைப் பாக்காமலே ஏத்துறான். அதையும் தாங்கிருப்பேன். மாமா தினம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, கீழ போயிப் பாரு, ஒரு காய்ல ஓட்டை இருக்கா, என் மக கையி கையின்னு... எத்தனை நாள் கேக்கறது? சோறு எறங்குமா எனக்கு?”

யாழிசை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே.”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “பெத்த பிள்ளைய மூஞ்சிக்கு நேரா மெச்சுவாகளா? கண்ணு பட்டுரும்ல.”

“அப்ப என்னைய எவுககிட்டயாவது மெச்சிருக்கீகளா மாமா?” என்றாள் மதினி.

“தினமும்” என்றாள் யாழிசை. “எங்கிட்ட. கார்த்திகை கணக்கா இருக்குன்னு.”

அப்பா, “ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னுதான்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஹமீதா டீச்சர் வாளியருகே உட்கார்ந்து ஒரு குச்சியால் கிளறினார். “இன்னைக்கு ரெண்டு பேருக்கும் கிடையாதுன்னு சொல்லிட்டுப் போகணும். ஆனா நாளைக்கும் கூடத்துல தட்டுக்குத் தீனி வைக்க ஆள் வேணும்.” இன்னொரு முறை கிளறினார். “கூடத்து வைரஸ் தட்டுலயே பெருகிப் பெருகி வீரியம் குறைஞ்சு போச்சு. மரத்துல வளந்த புழுவுல வந்த வைரஸ் வேணும்னு ஆறு மாசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். யாரும் ஒரு டப்பா கொண்டு வரல. வெளிச்சம் குறைஞ்சுரும்னு பயம். இது மலை முழுக்கப் போதும்.” எழுந்தார். “ஹர்ஷினி, ஒரு மாசத்துக்கு நீங்க பாருங்க. அப்புறம் யோசிப்போம்.”

யாழிசைக்கு வயிறு எரிந்தது. எல்லாம் தெரிந்த பிறகு எரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். முன்னைவிட நன்றாகவே எரிந்தது. இருட்டாக இருந்த தோட்டத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய சாவி. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தால் போதும்.

“தப்பிச்ச புழு காயை விட்டு வெளிய வந்து கூடு கட்டுறதுக்கு இன்னும் மூணு நாலு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள ஓட்டை விழுந்த காய் ஒண்ணு விடாம எடுத்துரு” என்று டீச்சர் யாழிசையிடம் சொன்னார். “விட்டா அது அந்துப்பூச்சியாகி ரெண்டு தோட்டத்துலயும் முட்டை வைக்கும். நடுக்கல்லு அதுக்குத் தெரியாது.”

டீச்சரின் ஸ்கூட்டர் சத்தம் கீழே தேய்ந்தது. அப்பா முன்னால் இறங்கிப் போனார். மதினி வாளியை மூடினாள்.

“சாவி ரெண்டு இருக்காம். ஒண்ணு ஒனக்குத் தரலாம்னு பாத்தேன். தர மாட்டேன்.”

“ஏன்?”

“தட்டுத் திருடி.”

யாழிசைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு எரிச்சலைக் கொஞ்சமும் குறைக்கவில்லை என்பதையும் கவனித்தாள். மதினி வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உச்சிக் கொப்புகளை அண்ணாந்து பார்த்தாள். கைக்கு எட்டாதவை அங்கே நிதானமாக மினுக்கின.

“அந்த ஏணிக்கு நெசமாவே கால் ஆடுதா?” என்றாள்.

யாழிசை கீழே இறங்கிவிட்டாள். வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 20, சனி.

இன்றைய பிழை: இன்றையது அல்ல, சென்ற வாரத்தையது. கூடத்திலிருந்து வளர்ந்த புழு ஒரு தட்டு எடுத்து எங்கள் மரங்களில் விட்டேன். மதினியைப் பார்த்து வயிறு எரிந்ததுதான் காரணம். இன்னும் எரிகிறது. ஏணியின் கால் ஆடவில்லை.

நாளைய வேலை: விடிந்ததும் ஏணியை மேல்தோட்டத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். உச்சிக் கொப்புகளை முடித்த பிறகு, அதே ஏணியைக் கீழே கொண்டுவந்து, எங்கள் காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.